ஒதுக்கீடு கூடியும் அரசு மருத்துவமனை வரிசை ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: "தமிழ்நாட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒவ்வோர் ஆண்டும் நிதி கூட்டப்படுகிறது. புதிய மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஐந்து லட்சம் ரூபாய்க்குக் காப்பீடும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஜி.எச்.சில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, செவிலியர் போதவில்லை என்கிறார்கள், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் கடன் வாங்காமல் முடிவதில்லை. பணம் எங்கேதான் போகிறது?"

நியாயமான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலராகச் சேர்ந்து, பொதுச் சுகாதாரத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். "எல்லாம் ஊழல்" என்ற ஒற்றை வரிப் பதிலையும், "நாட்டுக்கே நாம்தான் முன்னோடி" என்ற இன்னோர் ஒற்றை வரிப் பதிலையும் அந்த ஆண்டுகள் முழுவதும் கேட்டு வந்திருக்கிறேன். இரண்டாலும் உங்கள் கேள்வி தீராது. நான் கண்டவரையில் பதில் இது: நம்முடைய அமைப்பு, ஒருமுறை வந்து குணமாகிப் போகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது, இன்று அதன் வாசலில் நிற்பவர்களில் மிகப் பலர் வாழ்நாள் முழுவதும் வரவேண்டியவர்கள். அந்த மாற்றத்துக்கு ஏற்ற இடத்தில் ஆளும் பணமும் போடப்படவில்லை. அங்கே போடாமல் மிச்சம் பிடித்ததாக நாம் நினைக்கும் தொகை, சில ஆண்டுகள் கழித்துப் பெரிய மருத்துவமனையின் செலவாகவும் குடும்பத்தின் கடனாகவும் திரும்பி வருகிறது.

முதலில் தொகையின் அளவைப் பார்த்துவிடலாம். மாநில நிதிநிலை அறிக்கையில் இத்துறைக்கு 2024-25இல் 20,198 கோடி ரூபாயும் 2025-26இல் 21,906 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. கோடிக் கணக்கில் சொல்லும்போது மலைப்பாக இருக்கும். மக்கள்தொகையை ஏறத்தாழ 7.7 கோடி என்று வைத்து வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 2,850 ரூபாய்க்குள்தான் வருகிறது. நாளொன்றுக்கு 8 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. கடையில் ஒரு டீ அந்த விலைக்குக் கிடைப்பதில்லை. ஊதியம், மருந்து, தடுப்பூசி, கட்டடம், 108 ஆம்புலன்ஸ், மருத்துவக் கல்லூரிகள், காப்பீட்டுப் பிரீமியம், மகப்பேறு உதவித்தொகை, கொசு ஒழிப்பு எல்லாம் அந்த 8 ரூபாய்க்குள் அடங்கியாக வேண்டும். இதில் பெரும்பங்கு ஊதியத்துக்குப் போகிறது. மருத்துவம் ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்பதால் அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் மருந்து விலையும் மின்கட்டணமும் தாமாகவே ஏறுகிறவை. எனவே நிதிநிலை அறிக்கையில் நீங்கள் பார்க்கும் உயர்வில் கணிசமான பகுதி, இருக்கிற ஆட்களை வைத்து இருக்கிற வேலையைத் தொடர்வதற்கே தீர்ந்துவிடுகிறது. வரிசையைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு மேலும் வேண்டும்.

நாடு முழுவதற்கும் இதே நிலைதான். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கையாவது முதல்நிலைச் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, கொரோனா ஆண்டுகளின் கூடுதல் செலவையும் சேர்த்தே, மத்திய மாநில அரசுகள் அனைத்தும் செலவிட்டது 1.84 விழுக்காடு. அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். 2013-14இல் அது 64.2 விழுக்காடாக இருந்தது என்பதால் குறைந்திருப்பது உண்மை. ஆனாலும் பத்து ரூபாய் மருத்துவச் செலவில் நான்கு ரூபாயை நோயாளியின் வீடு நேரடியாகக் கொடுக்கிறது.

இப்போது அமைப்பு எதற்காகக் கட்டப்பட்டது என்பதற்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறை நூறாண்டுகளுக்கு முன்பே, 1920களின் தொடக்கத்தில் உருவானது. 1939இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காலரா, அம்மை, பிளேக் ஆகியவற்றை எதிர்கொள்ள உருவான துறை அது. விடுதலைக்குப் பிறகு, சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு 1946இல் பரிந்துரைத்த வழியில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவுகோலில் வலைப்பின்னல் விரிந்தது. 8,700க்கும் மேற்பட்ட துணை நிலையங்களில் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்தார்கள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், குடும்பநலம் பேசினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியரை அமர்த்தி இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்த பிறகு, பேறுகாலத்துக்கு நகரத்துக்கு ஓட வேண்டிய நிலை மாறியது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்திருக்கின்றன. ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் இறப்பு 2018-20இல் 54 ஆகவும், ஆயிரம் குழந்தைகளுக்குச் சிசு இறப்பு 2020இல் 13 ஆகவும் இறங்கின. இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம், மழையில் குடை பிடித்துக்கொண்டு தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டி வரப்பில் நடந்துபோன செவிலியர்களின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அவர்கள் சாதித்தது அது.

அந்த வேலைகளுக்கெல்லாம் ஒரு முடிவு உண்டு. பிரசவமானால் நாற்பத்திரண்டு நாளில் ஒரு கணக்கு முடியும். தடுப்பூசி அட்டவணையும் பதினாறு வயதோடு முடியும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அப்படி ஒரு முடிவு கிடையாது. நாற்பது வயதில் கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர் எழுபது வயது வரை வாழ்ந்தால், முப்பது ஆண்டுகள், ஒவ்வொரு நாளும், மாத்திரை அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தமிழ்நாட்டில் 2020இல் நடத்தப்பட்ட தொற்றா நோய் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேர் கட்டுப்பாடு இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். தாய் இறப்பில் நாட்டுக்கு வழிகாட்டிய ஒரு மாநிலத்தின் எண் இது என்பதை ஏற்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. இதோடு முதுமையும் சேர்கிறது. மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் நம்மில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் அது 18.2 விழுக்காடாகும். பிள்ளைப்பேறு குறைந்து ஆயுள் கூடியதன் விளைவு இது, அதாவது நம் வெற்றியின் விளைவு. ஆனால் அந்த வயதில்தான் மருத்துவம் அதிகம் தேவைப்படுகிறது.

ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவின் காலைப் பொழுதைச் சொல்கிறேன். ஏழரை மணிக்கே வராந்தாவில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் தூக்குவாளியில் கஞ்சியோ டப்பாவில் இட்லியோ இருக்கும். கையில் பாலித்தீன் பைக்குள் நான்காக மடித்து மடித்து நைந்துபோன நோயாளி அட்டை. பத்து மணிக்குள் கூட்டம் நூற்றைத் தாண்டிவிடும். ரத்த அழுத்தம் அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும் என்பது முறை. ஆனால் செவிலியர் ஒருவர் கையிலிருந்து பட்டையை அவிழ்க்கும்போதே அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். மருத்துவரிடம் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "சாப்பிடுறேங்க சார்." அழுத்தம் 170 என்று காட்டினாலும், உண்மையில் சாப்பிடுகிறாரா, எத்தனை நாள் விட்டுப்போயிற்று, ஏன் விட்டுப்போயிற்று என்று விசாரிக்க அந்த ஒன்றரை நிமிடத்தில் இடமில்லை. பழைய மாத்திரையையே எழுதிக் கொடுப்போம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். மருந்தாளுநர் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து எண்ணிக் கொடுப்பார். மகளிருக்குப் பேருந்து கட்டணம் இல்லாமல் போனது பெரிய உதவிதான். ஆனால் ஊருக்குத் திரும்பும் பேருந்து ஒரு மணிக்குத்தான் என்றால் அன்றைய கூலி போனது போனதுதான்.

அந்த வரிசையில் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. ஐம்பதைக் கடந்தவர், களையெடுக்கப் போகிறவர். இரண்டு வகை மாத்திரைகளில் அழுத்தம் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. ஓர் ஆண்டு அவற்றில் ஒன்று மூன்று வாரங்கள் எங்களிடம் இருப்பில் இல்லை. வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். பத்து நாளைக்கு வாங்கியிருக்கிறார். தலைவலியோ மயக்கமோ இல்லாததால் பிறகு நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்ததால் வரவில்லை, அப்படியே பழகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது வலப்பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார். 108 வந்தது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள், பதினொரு நாள் உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். ஒரு ரூபாய் வாங்கவில்லை. உயிர் தங்கியது, வலக்கை திரும்பவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள மருமகள் மில் வேலையை விட்டார். பிறகு அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாதக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்த ஐந்து கட்டங்களையும் ஐந்து மாதமாக எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த மாத்திரையை அரசு மொத்தமாக வாங்கும் விலை ஒன்றுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

அரசின் கணக்கில் இந்தச் சம்பவம் எப்படிப் பதிவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டம் ஒன்று, ஸ்கேன் ஒன்று, படுக்கை நாள் பதினொன்று. எல்லாமே செய்து முடித்த சேவைகளாகப் பதிவாகும். விட்டுப்போன ஐந்து மாதங்கள் எந்தப் பதிவேட்டிலும் வராது. மருமகள் இழந்த சம்பளமும் வராது. சிறுநீரகத்திலும் இதே கதைதான், இன்னும் கொடுமையாக. அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்து சிறுநீரகம் செயலிழந்தவர், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாழ வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமில்லாமல் கிடைப்பது பெருமைக்குரிய ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு புதிய இயந்திரமும் பத்தாண்டுகளுக்கு முன் துணை சுகாதார நிலையத்தில் கைநழுவிப் போன ஒருவருக்காக வருகிறது என்பதை, திறப்பு விழாவுக்குப் போகும்போதெல்லாம் நினைக்காமல் இருக்க முடிந்ததில்லை.

இருப்பில் மாத்திரை இல்லாமல் போனதைச் சொன்னேன். அதைச் சொன்னவன் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் பெரிய பயன் கிடைக்கும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று அதுதான். 1994இல் பதிவு செய்யப்பட்டு 1995 தொடக்கத்திலிருந்து மருந்து வழங்கத் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முன் மருந்து வாங்குவது பலர் கையில் சிதறிக் கிடந்தது. எந்த மருந்து எப்போது வரும் என்று தெரியாது. வருவது பெரிய டப்பாக்களில் உதிரி மாத்திரையாக வரும், திறந்த சில நாளில் ஈரம் பட்டு நிறம் மாறும். கழகம் வந்த பிறகு அவசியமான மருந்துகளின் பட்டியல் ஒன்று முடிவாயிற்று. வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில், மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் வாங்கினார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வந்தது. வரும் மருந்தின் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (batch) மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்கெல்லாம் வங்கியில் கொடுப்பதுபோல ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். நிலையத்துக்கு உரிய ஆண்டுத் தொகை அதில் வரவாக இருக்கும், கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழியும். எது வேண்டும் என்று கேட்கும் உரிமை முதன்முறையாக மருத்துவ அலுவலரின் கைக்கு வந்தது. பாம்புக்கடிக்கு எதிர்ப்பு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும் என்று நம்பி ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்ததும் அந்த ஏற்பாட்டால்தான். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

ஆனால் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்த காலத்தில் அமைந்த கணக்கு, லட்சக்கணக்கானவர்களுக்கு ஆண்டு முழுவதும் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டிய காலத்துக்கு அப்படியே பொருந்தாது. காய்ச்சல் மாத்திரை ஒரு வாரம் இல்லையென்றால் சமாளிக்கலாம். அழுத்த மாத்திரை மூன்று வாரம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். தேவையைப் போன ஆண்டுச் செலவை வைத்து மதிப்பிடாமல், பதிவாகியிருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிட வேண்டும். மருந்துக்கான தொகையைச் சற்றுக் கூட்டுவதும் இந்த மதிப்பீட்டைத் திருத்துவதும், என் கணிப்பில், இந்தத் துறையில் செய்யக்கூடியவற்றிலேயே மிக மலிவானவை.

மலிவில்லாதது ஆட்கள். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். நிரந்தரப் பணியிடம் காலியாகும்போது பணிமூப்புப்படி காலமுறை ஊதியத்துக்கு மாறலாம் என்பது ஏற்பாடு. அந்தத் தொகை பின்னர் 14,000 ஆகி, 2023இல் 18,000 ஆயிற்று. அவர்கள் ஏன் மீண்டும் மீண்டும் போராட வருகிறார்கள் என்று எரிச்சலோடு கேட்பவர்கள், அதே வார்டில், அதே ஊசியை, அதே இரவில் போடும் நிரந்தரச் செவிலியர் ஒருவரின் ஊதியத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரசின் பக்கமும் ஒரு நெருக்கடி இருக்கிறது. ஒரு நிரந்தரப் பணியிடம் என்பது முப்பது ஆண்டு ஊதியத்துக்கும் அதற்குப் பின் ஓய்வூதியத்துக்கும் கொடுக்கும் வாக்கு. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதியில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் அமர்த்தப்படும் பணியாளர்களின் நிலை இன்னும் நிச்சயமற்றது. திட்டம் இருக்கும்வரை வேலை. கொசு ஒழிப்புக்கு வருபவர்கள் தினக்கூலிகள். டெங்கு ஏறும் மாதங்களில் சேர்த்துக்கொண்டு, இறங்கியதும் நிறுத்திவிடுகிறோம். இப்படித் தற்காலிகமாக அமர்த்துவதில் மிச்சமாகும் பணம் கணக்கில் தெரிகிறது. இரண்டு ஆண்டு பழகி, ஊரில் யார் யாருக்கு என்ன நோய் என்று அறிந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது இழப்பது எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. நீண்டகால நோய்க்கு அந்தப் பழக்கம்தான் மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டியது.

மருத்துவர்கள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். இளம் மருத்துவர்கள் கிராமத்துக்கு வந்ததற்கு முக்கியமான காரணம், அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் ஒதுக்கப்பட்ட 50 விழுக்காடு இடங்கள். 2017 வாக்கில் அது தடைப்பட்டு, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் மாநிலத்தின் உரிமை மீண்டது. டெல்லியில் ஒரு விதி மாறினால் ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஒரு குக்கிராமத்தின் புறநோயாளிப் பிரிவு எப்படிக் காலியாகும் என்பதற்கு அந்த இடைப்பட்ட ஆண்டுகள் உதாரணம். அரசு மருத்துவர்களின் ஊதிய உயர்வு பற்றிய அரசாணை 354இன்படி ஊதியத்தை மாற்றியமைக்கக் கோரி அரசு மருத்துவர்கள் நடத்திய போராட்டங்களும் இதே கவலையிலிருந்து வந்தவைதான்.

புதிய மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2022 ஜனவரி 12 அன்று விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய பதினொரு மாவட்டங்களில் ஒரே நாளில் கல்லூரிகள் திறக்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 4,000 கோடி ரூபாய்; கிடைத்தவை 1,450 படிப்பிடங்கள். ராமநாதபுரத்தில் இருப்பவர் மூளையில் ரத்தக் கசிவென்றால் மதுரைக்கு ஓட வேண்டியிருந்த நிலையை நினைத்தால் இதை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு. அதற்குள் வேண்டிய பேராசிரியர், உதவிப் பேராசிரியர், மயக்க மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் ஆண்டுதோறும் தொடரும் செலவு. அந்தத் தொடர்செலவுக்கு முழுமையாகப் பணியிடம் உருவாக்காமல் கட்டடத்தைத் திறக்கும்போது, வேறோர் இடத்திலிருந்து ஆட்களை மாற்றுப்பணியில் அழைத்து வந்துதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த வேறோர் இடம் பெரும்பாலும் தாலுகா மருத்துவமனையாகவோ ஆரம்ப சுகாதார நிலையமாகவோ இருக்கிறது. அங்கே மருத்துவர் இல்லையென்று அறிந்த நோயாளி பேருந்து ஏறிக் கல்லூரி மருத்துவமனைக்கே வருகிறார். நீங்கள் மூன்று மணி நேரம் நின்ற வரிசை அப்படித்தான் நீள்கிறது. அதில் நிற்பவர்களில் பெரும்பகுதியினர் தங்கள் ஊரிலேயே பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்காக அங்கே நிற்பவர்கள்.

காப்பீட்டுக்கு வருவோம். 2009இல் தொடங்கி, 2012இல் பெயரும் வடிவமும் மாறி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஏழை ஒருவர் இதய அறுவைச் சிகிச்சையைக் கனவாக நினைத்திருந்த நிலையை மாற்றியது. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சிகிச்சை செய்து தொகை பெறுகின்றன; பல இடங்களில் கருவி வாங்கவும் பழுது பார்க்கவும் அந்தப் பணம்தான் கைகொடுக்கிறது. ஆனால் பெரும்பாலும் பட்டியலிட்ட உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கே அந்தக் காப்பீட்டு அட்டை. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கும், ரத்தப் பரிசோதனைக்கும், மருத்துவர் கட்டணத்துக்கும் அது பொதுவாக உதவாது. குடும்பங்களைச் சிறுகச் சிறுகக் கரைப்பவை அவைதான். ஒருவருக்கு மாரடைப்பு வந்த பிறகு நாம் ஒன்றரை லட்சம் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறோம். அது வராமலிருக்க மாதம் இருபது முப்பது ரூபாய் மருந்தும் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஒரு பெண்ணின் நியாயமான சம்பளமும் கொடுக்கத் தயங்குகிறோம்.

அந்தத் தயக்கத்தை உடைக்க எடுத்த முயற்சி என்று 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சொல்வேன். மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்கிறது. நான் சொன்ன அம்மாவின் ஐந்து வெற்றுக் கட்டங்களைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கக்கூடியவர் இப்படி ஒருவர்தான். யோசனை மிகச் சரியானது. என் கவலை, அந்தப் பெண்களை நாம் இன்னும் தன்னார்வலர் என்றே அழைத்து ஊக்கத்தொகை மட்டும் கொடுப்பதில் இருக்கிறது. முப்பது ஆண்டு நோய்க்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஏற்பாடு போதாது. பதிவு செய்தவர்களின் மொத்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் முறை மருந்து வாங்கியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்போது, தொடர்ந்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர், கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி பின்னால் போய்விடும்.

ஆகவே கூடுதலாக நூறு ரூபாய் கிடைத்தால் எங்கே போடுவீர்கள் என்று என்னைக் கேட்டால், முதல் ரூபாயைத் துணை சுகாதார நிலையத்தில் இரண்டாவது செவிலியருக்குப் போடுவேன். ஒருவர் தாய்சேய் நலத்துக்கு, மற்றவர் நீண்டகால நோய்க்கு. இன்று ஒரே பெண்மணி இரண்டையும் சுமந்துகொண்டு, பகல் முழுவதும் ஊரில் நடந்துவிட்டு, இரவு அலைபேசியிலும் கணினியிலும் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அடுத்து மாத்திரை இருப்புக்கு. அதற்கடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு இன்னொரு மருத்துவர், அந்த ஒன்றரை நிமிடம் ஐந்து நிமிடமாவதற்கு. தாலுகா மருத்துவமனைகளில் மகப்பேறு, குழந்தை நலம், மயக்கவியல் மருத்துவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் இருக்குமாறு செய்வதற்கு. இவை எவற்றுக்கும் திறப்பு விழா கிடையாது என்பதையும், பலன் தெரிய ஏழெட்டு ஆண்டுகள், அதாவது ஒரு தேர்தலுக்கு மேல், ஆகும் என்பதையும் அறிந்தே சொல்கிறேன்.

நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, அவர்களில் மாற்றுப்பணியில் வேறிடம் போயிருப்பவர்கள் எத்தனை என்று கிராம சபையில் கேளுங்கள். அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கடந்த ஓராண்டில் எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று கேளுங்கள்; இருப்புப் பதிவேட்டில் அதற்குப் பதில் இருக்கும். கடைசியாக, ஜனவரியில் பதிவான அழுத்த நோயாளிகளில் ஜூனிலும் வந்து மருந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் அன்றே பதில் கிடைக்கலாம். மூன்றாவதற்கு யாராவது அட்டைகளை எடுத்து வைத்து உட்கார்ந்து எண்ண வேண்டியிருக்கும்.